பொரியலாகிப் போன பெரணி

எதையும் தூக்கிப் போடத் தெரியாத என் அருமை அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம் அப்பா! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேங்காய் போட்டுப் பொரியல் செய்த அந்தப் பெரணிச் செடிதான் ஜெயித்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஹவுராவில் ஒரு பழைய பட்டறைக்குப் பின்னாலிருந்த குளக்கரையில் வேரோடு எடுத்து வந்து, எண் எழுதிய அலுமினியச் சீட்டை நூலால் கட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். நீங்கள் கரியாஹாட் சந்தையில் வாங்கி வருகிற டேக்கி ஷாக் கீரையும் அதுவும் ஒரே ஜாதி. சுருள் சுருளான துளிரைப் பார்த்ததும் உங்கள் கை சும்மா இருக்குமா?

"அதிசயமா நீ கறிகாய் வாங்கிட்டு வந்திருக்கியேன்னுதாம்மா பண்ணினேன்" என்றீர்கள்.

"என் ரெண்டு வருஷ உழைப்பைத் தாளிச்சுக் கொட்டிட்டீங்களேப்பா!" என்று கத்தினேன். எனக்கும் சேர்த்துத் தட்டு போட்டிருந்தீர்கள். நான் எழுந்து போய்விட்டேன், நீங்கள் தனியாகச் சாப்பிட்டீர்கள்.

மூன்று நாள் பேசவில்லை. பிறகு பேசினோம், ஆனால் அந்தப் பொரியலைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அந்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு நாளே கிடைக்காமலா போயிற்று? வீம்புதான் அப்பா, வேறொன்றுமில்லை.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அன்று கேட்டீர்கள். "சொன்னாப் புரியாது" என்றேன். இப்போது சொல்கிறேன். ஒரு செல்லுக்குள் இருக்கும் மரபணுச் சரக்கு முழுவதும் எவ்வளவு என்று அளப்பதுதான் என் வேலை. இலையையும், அளவு தெரிந்த பட்டாணி இலையையும் பிளேடால் சேர்த்துப் பொடியாக நறுக்கிச் சாயம் ஏற்றி இயந்திரத்தில் விட்டால், திரையில் இரண்டு மேடுகள் எழும்பும். பட்டாணி மேட்டை வைத்து மற்றதைக் கணக்கிடலாம்.

செடிகளுக்குச் சில சமயம் அந்தச் சரக்கு மொத்தமாக இரட்டித்துவிடும். பூக்கும் செடிகள் பலவும் காலப்போக்கில் உபரியைக் கழித்துக் கட்டிவிடும். பெரணிகள் அப்படியில்லை, பெரும்பாலும் வந்ததையெல்லாம் வைத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனூண்டு செடிக்குள் அத்தனை பெரிய மூட்டை. உடைந்த குடையைக்கூட "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று பரணில் ஏற்றிய உங்களைத் தவிர வேறு யாருக்கு இது சுலபமாகப் புரியும்?

ஹவுராச் செடியில் மேடு, அதே ஜாதியின் மற்ற செடிகளைவிட இரட்டிப்பில் நின்றது. ஆனால் அது பொரியலாவதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அளந்திருந்தேன். "ஒரு தடவை பார்த்ததை யாரும்மா நம்புவாங்க?" என்றார் ஆய்வுக்கு வழிகாட்டும் எங்கள் மேடம். மறுபடி போனால் குளத்தையே மண் கொட்டி மூடிவிட்டிருந்தார்கள். அந்த முடிவை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம் என்றுகூட இருந்தேன்.

போன மாதம் லக்ஷ்மி பூஜைக்கு எதிர் ஃபிளாட் அண்ணி, அதான் நம் பௌதி, கூப்பிட்டார். அவர் வராந்தாவில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையப் பெரணி. "எக்டு பாஜா கோர்போ", கொஞ்சம் வறுக்கப் போகிறேன் என்று கத்தியோடு குனிந்தார். செடியின் அடியில் அலுமினியச் சீட்டு. என் கையெழுத்து. ஏழாம் எண்.

"கை வைக்காதீங்க பௌதி!" என்று நான் தமிழில் அலறியதில் கத்தி கீழே விழுந்தது.

துளிரைச் சமைத்துவிட்டு, வேர்க்கட்டையை நீங்கள்தான் டப்பாவில் நட்டு அவரிடம் கொடுத்தீர்களாம். "பெண் கோபமாக இருக்கிறாள். நன்றாகத் துளிர்க்கட்டும், நானே கொடுக்கிறேன். பட்டுப்போனால் மறுபடி அழுவாள்" என்று பேங்க் வேலையில் கற்ற உங்கள் பெங்காலியில் சொன்னதை அவர் அப்படியே சொல்லிக்காட்டினார். நீங்கள் போன பிறகும் உங்கள் நினைவாகத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். சீட்டில்லாமல் எதுவும் கைமாறக் கூடாது என்ற உங்கள் பேங்க் புத்தி, அந்த நூலைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தச் சீட்டு இல்லையென்றால் அது வெறும் கீரைதான் அப்பா.

மூன்று நாள், மூன்று இலைகள். மூன்று தடவையும் மேடு இரட்டிப்பில் அசையாமல் நின்றது! வேர் நுனியில் குரோமோசோம்களை எண்ணினோம், அதுவும் இரட்டை. எதையும் கழித்த தடயமே இல்லை. நேற்று மேடம் "எழுதும்மா, இனி யார் என்ன சொல்ல முடியும்?" என்று லேப் முழுவதற்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கட்டுரையின் நன்றிப் பகுதியில் செடியைக் காப்பாற்றியவர் என்று உங்கள் பெயர் வரும். அதைத் தின்றவரும் நீங்கள்தான் என்று எழுத இடமில்லை.

டப்பா இப்போது நம் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. அடுத்த துளிர் ஆய்வுக்கு இல்லை அப்பா. தேங்காய் போட்டு நானே பொரியல் செய்வேன், இரண்டு தட்டு போடுவேன். இந்த முறை எழுந்து போக மாட்டேன்.

அன்றைய பொரியலுக்கு இன்றும் கடன்பட்டிருக்கும் உங்கள் மகள்,
நித்யா
பாலிகஞ்ச்