சாந்தோம் பன்

11.8.2025, திங்கள்

சம்சாரம் சுரேகாவுக்கு மூணாவது கீமோ முடிந்து பத்து நாள். இன்றும் ரெண்டு வாய் ரசம் சாதம், அவ்வளவுதான். எடை இன்னும் குறைந்தால் அடுத்தது போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெஞ்சினேன், கத்தினேன். "வாயெல்லாம் கசக்குதுய்யா, இன்னா பண்ண சொல்ற?" என்றாள். தட்டை நங்கென்று வைத்துவிட்டு வெளியே போனேன். அறிவுகெட்டவன் நான்.

14.8, வியாழன்

நான் லேத் ஓட்டுகிற எஸ்டேட் கம்பெனிக்கு, கூட வேலை செய்கிற இருதயராஜ் காவி வேட்டியில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறது. முதல் நிறுத்தம் சாந்தோம் சர்ச். இந்த வருஷம் அவர்களோடு நடப்பதாக வேண்டிக்கொண்டவள் சுரேகா. நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள்தான், இருந்தாலும் மாதாவிடமும் ஒரு வார்த்தை போட்டு வைப்பாள். "எனக்கு பதிலா சாந்தோம் வரைக்குமாச்சும் போய்ட்டு வாய்யா."

சரி என்றேன். இப்போது அவள் எது கேட்டாலும் சரிதான்.

17.8, ஞாயிறு

பாடிகினே, மாதா தேரை இழுத்துகினே போய்ச் சேரும்போது பதினோரு மணி. யப்பா, இன்னா உயரம்! நம்ம கோபுரம் மாதிரி பொம்மை இல்லை. வெள்ளை வெளேரென்று, லேத்தில் கூர் கடைந்த மாதிரி ஏறிப்போகிறது. உள்ளே வளைவுகூட உச்சியில் கூர்தான். "இந்த மாதிரி கூரா கட்டுறதை கோத்திக்குன்னு சொல்வாங்க மச்சான்" என்றான் இருதயராஜ். கலர் கண்ணாடி வழியாக வெயில் நீலமும் சிவப்புமாய் என் கொப்புளக் காலில் விழுந்தது. எதுக்குன்னு தெரியல, அழுதுட்டேன்.

பூசையில் எல்லாரும் வரிசையில் போனார்கள், நானும் போனேன். ஃபாதர் கையில் வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஒன்று வைத்தார். பிரசாதம்! பிரசாதத்தை மட்டும் சுரேகா வேணாம்னு சொன்னதே இல்லை. கைக்குட்டையில் மடிச்சேன்.

"அய்யோ மச்சான்!" இருதயராஜ் முகம் வெளுத்துப்போச்சு. ஃபாதரே இறங்கி வந்தார். "அதை வெளியே கொண்டு போகக்கூடாதுப்பா. எங்களுக்கு அது ஆண்டவரோட உடல்."

கைக்குட்டையைப் பிரிச்சு நீட்டினேன். "தெரியாது சாமி... ஊட்ல சம்சாரம் சாப்பிடவே மாட்டேங்குறா..."

பதமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பூசை முடிந்ததும் கூப்பிட்டு, நடப்பவர்களுக்கு வந்திருந்த பன் பாக்கெட் ஒன்றை எடுத்து, கைவைத்து ஜெபித்து, "இதை அவங்களுக்குக் குடுங்க" என்றார்.

18.8

பன்னைக் கண்ணில் ஒத்திக்கிட்டா. பாலில் நனைச்சு முழுசா தின்னா. முழுசா!

21.8

பாக்கெட்டில் நாலுதான். தீர்ந்துபோச்சு. இப்போ இன்னா பண்றது?

22.8

முகப்பேர் பேக்கரியில் வாங்கி, அந்தப் பழைய கவரிலேயே போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். பொய்தான். மாதாவே, மன்னிச்சுக்கோம்மா.

29.8, வெள்ளி

அரை கிலோ ஏறியிருக்கு! திங்கட்கிழமை அடுத்த கீமோ.

சாயங்காலம் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதை இருதயராஜ் போனில் காட்டினான். கும்பிட்டுவிட்டுப் பன்னைப் பிட்டவள், என்னையே பார்த்தாள்.

"இன்னாய்யா, மாதா கோயில் பன்னுல டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் போடுறாங்களா?"

மாட்டிக்கிட்டேன். தலையைக் குனிஞ்சுகினு நின்னேன். அவள் பாட்டுக்குப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீ மாத்தின அன்னிக்கே தெரியும். நாளைக்கு ரெண்டா வாங்கினு வா. நீயும் எளைச்சிட்ட."