நாலாவது வரி

மார்ச் 3, வியாழன்

வெயில் இப்போதே ஏப்ரல் போல. தெற்குக் காற்று. தோல் பதனிடும் ஷாப்புச் சுண்ணாம்பு வாடை மோர்ச் சாதத்தில்கூட.

நாளைக்கு வேண்டியவை:
நீலக் கழுத்துத் துணி நான்கு (மனைவி ராகேல் ஓரம் தைத்து முடித்துவிட்டாள்).
விளக்கு, திரி, எண்ணெய்.
உறுதிமொழி, பெரிய எழுத்தில் ஒரு பிரதி.
பொரிகடலை, வெல்லம்.
என் கண்ணாடிக்குப் புது நூல்.

பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷம். முழங்கால் இன்னும் அதை நம்பவில்லை. ரா. சொல்கிறாள்: "ரிடையர் ஆனவருக்கு இருக்கிற வேலை வேலைல இருக்கிறவருக்குக்கூட இல்லீங்க." சங்கக் கூடத்தைப் பெருக்கியதும் நான்தான். வாலிபர் சங்கம் என்று பெயர். துடைப்பம் மட்டும் கிழவன் கையில்.

மார்ச் 4, வெள்ளி

ஷாப்புகளுக்கு லீவு. முதலாளிகள் தொழுகைக்குப் போகிற நாள்தான் எங்களுக்குத் திருநாள். காலை ஒன்பதுக்கே கூடம் நிறைந்துவிட்டது.

நான்கு பேர் சிறுவர் வரிசையிலிருந்து வாலிபர் வரிசைக்கு வந்தார்கள். இதை ஏற்படுத்தி மூன்று வருஷம். பெண்ணுக்கு மஞ்சள் நீர் உண்டு. பையனுக்கு என்ன இருந்தது? மீசை அரும்பினால் ஷாப்பில் கொண்டுபோய், முதல் நாள் தோல் ஊறும் பட்டைத் தண்ணீர்க் குழியில் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். கரை ஏறினால் ஆள் ஆகிவிட்டான். இதைவிட நல்லதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. விளக்கின் மேல் கை நீட்டி ஐந்து வரி சொல்ல வேண்டும். பிறகு மூத்தவன் ஒருவன் துணி கட்டிவிடுவான்.

ஐந்தும் நான் எழுதியவை. குடிக்க மாட்டேன். கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துப் போடுவேன். பெண்டாட்டி பிள்ளையை அடிக்க மாட்டேன். சாவுக்கு மேளம் அடிக்க மாட்டேன். சின்னவன் ஒருவனுக்கு எழுத்துச் சொல்லித் தருவேன்.

கடைசியாக கோவிந்தன். சுண்ணாம்புக் குழியில் வேலை, விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். நாலாவது வரியைத்தான் உரக்கச் சொன்னான். இந்தப் பேட்டையிலேயே அவனைப்போல் மேளம் அடிக்க ஆள் இல்லை. அவன் அப்பா முனியனைத் தவிர.

முனியன் வாசலில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். இருமல் ஜாஸ்தி. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நாலாவதா இன்னா சொன்னான் வாத்தியாரே?"

சொன்னேன்.

"நல்லது. என் தோளு போனது போதும்." பொரிகடலையை வாயில் போட்டார். பல் இல்லை, ஊறவைத்து மென்றார். பிறகு, "அப்போ எனக்கு?"

வெல்லம் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

மார்ச் 6, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். தூங்கிவிட்டேன், ரா. முழங்கையால் இடித்தாள்.

பிற்பகல் முனியன் வீடு. படுத்துவிட்டார். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பை எண்ணலாம். மேளம் சுவரில் மாட்டியிருக்கிறது, தலைக்கு நேரே. அவரே ஷாப்பிலிருந்து கன்றுத்தோல் வாங்கிவந்து கட்டியதாம்.

"நாப்பது வருசம் வாத்தியாரே. ஊர்ல எவன் செத்தாலும் நான்தான். பெரிய வீட்டுக் கெயவன் போனப்போ மூணு நாளு. என் கொட்டு இல்லாம ஒருத்தனும் குழிக்குப் போனதில்ல. என்னை மட்டும் ஊமைச் சாவா தூக்கினு போவீங்களா?"

குப்பம்மா, அவர் மனைவி, அதட்டினாள்: "சும்மா கெட. இன்னும் சாவல, அதுக்குள்ள மேளம் கேக்குது."

"அப்புறம் கேக்க முடியாதுடி."

கோவிந்தன் மூலையில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

நாலாவது வரியை எழுதும்போது என் கண்முன் இருந்தது வேறு சாவு. சங்கக் காரியதரிசி தேவராஜின் தகப்பன். காய்ச்சல் என்று சொல்லியும் ஊர்க்காரர்கள் இழுத்துப்போய் அடிக்கவைத்தார்கள். மேளத்தின் மேலேயே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. அதற்காக எழுதினேன். நம் வீட்டுச் சாவைப் பற்றி நினைக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் கேள்வித்தாள் தயாரித்தவன். ஒரு கேள்வியை எழுதினால் பத்துப் பையன்கள் பத்து விதமாகப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தவன். தெரிந்து என்ன?

மார்ச் 8, செவ்வாய்

ஷாப்பு விட்டதும் சங்கக் கூட்டம். பதினோரு பேர். எல்லோர் மேலும் பட்டை வாசனை.

நான் பேசினேன். உதாரணம் சொன்னேன்: "உபவாசம் என்று ஒருவன் நேர்ந்துகொள்கிறான். அன்றைக்கே காய்ச்சல் வந்தால் கஷாயம் குடிக்கக் கூடாதா? கஷாயம் சாப்பாடா?" எழுதினவன் நான், விட்டுப்போனது என் தவறு, நம் வீட்டுச் சாவு நீங்கலாக என்று சேர்த்துவிடலாம் என்றேன்.

தேவராஜ் எழுந்தான். தோல் தரம் பிரிக்கிறவன். எதிலும் ஓட்டை எங்கே என்றுதான் முதலில் பார்ப்பான்.

"சார், சேத்துடலாம். நாளைக்கு ஊர்க்காரன் வருவான். உங்கப்பனுக்கு அடிச்சியே, எங்கப்பனுக்கு இன்னாடா கொறச்சல்னு கேப்பான். நம்ம நோட்டையா காட்டறது? அவன் படிப்பானா?"



பள்ளிகொண்டாவிலிருந்து ஆட்களை வரவழைக்கலாமே என்றேன்.

"நாம மாட்டோம், இன்னொருத்தன் அடிக்கட்டுமா? அது இன்னா நாயம் சார்?"

அவன் சொன்னது சரி. என்னிடம் படித்தவன். ஐந்தாம் வகுப்பில் இவனிடம் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டி மாட்டிக்கொண்டேன். அதே முகம் இன்றைக்கும்.

பின் வரிசையில் யாரோ: "பேஜாரா போச்சு. கெயவரு பொழைச்சுக்கிட்டா ஒரு தொல்லையும் இல்ல." சிரித்தார்கள். கோவிந்தனும் சிரித்தான். பிறகு சொன்னான்:

"என்னை வெச்சுப் பேசாதீங்க. நான் வெளக்கு மேல கை வெச்சு சொன்னேன். இன்னும் அஞ்சு நாளுகூட ஆவல."

கூட்டம் கலைந்தது. தீர்மானம் இல்லை. நோட்டில் என்ன எழுதுவது? தேதி மட்டும் எழுதினேன்.

மார்ச் 9, புதன்

முழங்காலுக்கு ரா. ஒத்தடம் கொடுத்தாள். காலை முழுக்க நாலாவது வரியைத் திருத்தினேன்.

பிறர் சாவுக்கு அடிக்க மாட்டேன். (பிறர் யார்?)
கட்டாயத்துக்கு அடிக்க மாட்டேன். (கட்டாயம் இல்லை, ஆசையாக வந்தார்கள் என்பான்.)
என் தாய் தகப்பனுக்கு அன்றி. (பெரியப்பன் செத்தால்?)

எதுவும் நிற்கவில்லை. காகிதம் அடுப்புக்கு.

ரா. கேட்டாள்: "உங்க அப்பா போனப்போ?"

முப்பது வருஷம் ஆகிறது. மிஷன் பள்ளியில் எனக்கு வேலை ஸ்திரம் ஆன புதிது. அப்பாவும் ஒரு காலத்தில் அடித்தவர்தான். மேளம் கூடாது என்றார்கள் சபைப் பெரியவர்கள். நானும் சரி என்றேன். சுலபமாக. பாட்டுப் பாடிக்கொண்டு போனோம், நல்ல பாட்டு. வழியில் ஒரு கிழவர் மட்டும் விரலால் தன் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்டது.

இவ்வளவும் ரா.விடம் சொல்லவில்லை. "பாட்டு" என்றேன். அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 10, வியாழன்

விடியும்போது குப்பம்மாவின் குரல். போய்ப் பார்த்தேன். முனியன் போய்விட்டார். கண்ணை மூடியது தான்தான் என்றான் கோவிந்தன். கட்டைவிரலில் சுண்ணாம்பு, அப்பாவின் இமையிலும் ஒரு வெள்ளைத் தீற்றல். யாரும் துடைக்கவில்லை.

தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன மூத்தவன் பகல் ரயிலில் வந்தான். புதைப்பதானாலும் கொள்ளிச்சட்டி அவன் எடுக்க வேண்டும். இளையவனுக்கு அந்தக் கடமை இல்லை.

மூன்று மணி. வெயில் கொதிக்கிறது. பாடை தயார். சங்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் நீலத் துணியோடு வரிசையாக நின்றார்கள். மரியாதை என்று நினைத்துக் கட்டிவந்தார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தெருவில் சத்தமே இல்லை. பேட்டைச் சாவில் இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பெண்கள்கூட ஒப்பாரியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள், எதற்கோ காத்திருக்கிறாற்போல.

கோவிந்தன் என்னிடம் வந்தான். கழுத்துத் துணியை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் ஆயிற்று.

"இதை வெச்சுக்குங்க சார்."

"திருப்பிக் கொடுக்கிறாயா?"

"கட்டிக்கினு அடிச்சா பொய்யாயிடும். கயட்டிட்டு அடிக்கிறேன். அப்பால சங்கம் இன்னா சொன்னாலும் சரி."

சுவரிலிருந்து மேளத்தை எடுத்தான். வைக்கோல் கொளுத்தி, தோலைக் காய்ச்சினான். விரலால் தட்டிப் பார்த்தான். மறுபடி காய்ச்சினான். அவசரமே இல்லை. தேவராஜ் பாடையின் முன்பக்கம் நின்றிருந்தான். குனிந்து பாடைக்குத் தோள் கொடுத்தான்.

கோவிந்தன் அடித்தான். அதை எழுத எனக்குத் தெரியாது. தகப்பனுக்கு மேளம் அடிக்கிறவன் அழ முடியாது, அழுதால் கை தப்பும். அவன் கை தப்பவில்லை. இடுகாடு வரை, பாலாற்று மணல் வரை, தப்பவில்லை. நான் பின்னால் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு போனேன். என் விரல் தொடையில் தட்டியதா என்று தெரியாது. தட்டியிருக்கும்.

குழியில் இறக்கினார்கள். மூத்தவன் மண் போடக் குனிந்தபோது கோவிந்தன் "இரு அண்ணே" என்றான். குழிக்குள் இறங்கி மேளத்தை அப்பாவின் மார்பின் மேல் வைத்தான். இரண்டு குச்சிகளையும் பக்கத்தில்.

பெரியவர் ஒருவர் பதறினார்: "டேய், நாப்பது வருசத்து மேளம்டா! யாராச்சும் பொதைப்பாங்களா?"

"வேற எவனுக்கும் இது அடிக்காது பெரிப்பா. அவருக்கு அடிச்சாச்சு."

மண் மேளத்தின் மேல் விழுந்தபோது ஒரு தரம் அது சத்தம் போட்டது. அப்புறம் வெறும் மண் சத்தம்.

மார்ச் 11, வெள்ளி

எழுந்திருக்க முடியவில்லை. கால் வீக்கம். ரா. நீலத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். புகை வாடை போகவில்லை என்றாள். போகாது.

கூட்டம் இல்லை.

மார்ச் 14, திங்கள்

தேவராஜ் பயந்தது நடந்தது. ஊர்த் தலையாரி சங்க வாசலுக்கு வந்தான். பெரிய வீட்டில் யாரோ கிழவிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம், இன்றோ நாளையோ. கூடத்தில் நானும் தேவராஜும் இன்னும் இரண்டு பேரும். கோவிந்தன் இல்லை, காரியம் முடியும்வரை வரமாட்டான்.

"இன்னா வாத்தியாரே, உங்க பசங்க மேளம் அடிக்கிறதில்லன்னாங்க. அன்னிக்கு ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சே. நல்ல அடி. அதே ஆளை அனுப்பி வெய்யுங்க."

வரியைத் திருத்தாமல் விட்டேனே என்ற நினைப்பு. திருத்தியிருந்தால் மட்டும் என்ன?

தேவராஜ் வெளியே போனான். குரலை உயர்த்தவில்லை.

"மேளம் இல்ல."

"அன்னிக்கு இருந்துச்சே?"

"பொதைச்சாச்சு. போய்த் தோண்டிப் பாருங்க. கெயவரு மாரு மேல இருக்கும். எடுக்கணும்னா அவருகிட்டயே கேட்டு எடுத்துக்குங்க."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தலையாரிக்கே தெரியவில்லை. "வேற மேளம் இருக்கும்ல?"

"இந்தப் பேட்டைல அது ஒண்ணுதான். தேடிக்குங்க."

போய்விட்டான். மறுபடி வருவான். ஆட்களோடு வரலாம். அதெல்லாம் தெரிந்துதான் தேவராஜ் பேசினான். உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன்.

உண்மையில் இன்னும் இரண்டு மேளம் இருக்கிறது, மேற்குத் தெருவில். மாலையில் போனபோது இரண்டு வீட்டிலும் தோலைக் கிழித்திருந்தார்கள். யார் சொல்லி என்று நான் விசாரிக்கவில்லை.

மார்ச் 18, வெள்ளி

ஷாப்புக்கு லீவு. மேகம், ஆனால் மழை இல்லை. பல்வலி.

கூட்டம். பத்துப் பேர். நாலாவது வரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. உறுதிமொழிக் காகிதம் சுவரில் அப்படியே. நானும் பேனாவைத் தொடவில்லை. அடுத்த மாதம் கூடத்தில் வெள்ளிதோறும் உரக்க வாசிப்பதற்கு தேவராஜ் ஆள் பிரித்தான். பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, "கோய்ந்தன், ரெண்டாவது வெள்ளி" என்றான். பின்வரிசையில் ஒருவன் தலை தூக்கினான். தேவராஜ் அடுத்த பெயருக்குப் போய்விட்டான்.

முடிந்ததும் என்னோடு வீடு வரை நடந்து வந்தான். அலமாரியில் மடித்து வைத்திருந்த நீலத் துணியைக் கேட்டான். கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான்.

"புகை போவல சார்."

"போகாது."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேற்கே, முனியன் வீட்டுப் பக்கம் திரும்பினான்.