கூரைக் கற்களை இறக்கினோம்

லிங்கராஜபுரம், பெங்களூர்
21.10.2001, ஞாயிறு

அன்பு மகள் கேரலுக்கு மம்மி எழுதுவது,

ஆண்டவர் தயவில் நானும் டாடியும் சுகம், கோழிகள் சுகம், நீ முதலில் கேட்கப்போகும் அவுட்ஹவுஸும் சுகம். பாரதீப்பில் நீயும் திபாகரும் உன் மாமியாரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். புதன்கிழமை போனில் கூரை போகவில்லை, கூரை போகவில்லை என்று நான் கத்தினேன், லைன் கரகரவென்று இருந்தது, உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கேட்டிருந்தாலும் எல்லாவற்றையும் சொல்லியிருக்க முடியாது, டாடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது பூசை முடிந்து அப்படியே மட்டன் வாங்கப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வர நேரமாகும், அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலையில் நீ போன் செய்து, கடலில் புயல் நிற்கிறது, நெல்லூர்ப் பக்கம் வருகிறதாம், கூரை ஷீட்டைக் கட்டுங்கள், மரக்கிளையை வெட்டுங்கள், கோழிகளை உள்ளே எடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெங்களூரில் ஏது கடல், மிஞ்சிப்போனால் ரெண்டு நாள் மழை பெய்யும், ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறேன் என்றேன். அப்புறம் மெதுவாக, "மம்மி, நான் சொல்றதைச் செய்ங்க, ப்ளீஸ்" என்றாய். சின்ன வயதில் ஜுரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாயே, அந்தக் குரல். ஒரிசாவில் உங்களை அடித்த அந்தப் புயலுக்கு அப்புறம் இந்த ரெண்டு வருஷத்தில் நீ அதைப்பற்றி வாயே திறந்ததில்லை. பிழைத்துவிட்டோம், பெரியவர் போய்விட்டார் என்று ஒரு கடுதாசி போட்டாய், திபாகரின் அண்ணனைத்தான் சொல்கிறாய் என்று நான் புரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அதை டாடியிடம் படித்துக் காட்டப்போனபோது, அந்த வீட்டுப் பேச்சு இங்கே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். நானும் மறுபடி எடுக்கவில்லை. இப்போது உன் குரலைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. டாடியிடம் போய்ச் சொன்னேன். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், கடல் ஏறி வர இது என்ன மெரினாவா என்றார். யார் சொன்னது என்று கேட்கவில்லை, கேட்காமலே தெரியும்.

சாயந்திரம் மறுபடியும் போன் அடித்தது. நான் கேக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், ரெண்டு கையிலும் வெண்ணெய். டாடிதான் எடுத்தார். வழக்கம்போல உன் குரலைக் கேட்டதும் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார் என்று நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன். கூப்பிடவில்லை. எட்டிப்பார்த்தேன், சுவரைப் பார்த்து நிற்கிறார், கழுத்து நரம்பு தெரிகிறது. அப்புறம் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, பேசுவது நீ இல்லை, திபாகர். இங்கே பீன்யா ஃபேக்டரியில் வேலை பார்த்த நாளில் கற்றுக்கொண்ட கன்னடம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து டாடி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, "அந்தப் பையன்" என்றுதான் சொல்வார், அதுவும் கோபம் வந்தால்தான். அன்றைக்கு "ஹேளி" என்றார் கேரல். ஹேளு என்று சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று மரியாதையாக, "ஹேளி" என்றார். நான் வெண்ணெய்க் கையோடு அப்படியே நின்றேன்.

ரொம்ப நேரம் பேசினார்கள், உங்களுக்கு எஸ்டிடி பில் எவ்வளவு ஆகுமோ என்றுகூட நினைத்தேன். டாடி ஃபிட்டர் வேலை பார்த்தவர் இல்லையா, கொக்கி போல்ட் துருப்பிடித்திருந்தால் என்ன செய்வது, பைப்பைக் குறுக்கே போட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டினால் தாங்குமா என்று கேள்விமேல் கேள்வி. நடுவில் ஒரு இடத்தில் டாடியின் கேள்வி நின்றுபோனது. கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் நேரே பின்பக்கம் போய் அவுட்ஹவுஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஷீட் பறக்காமல் இருக்கக் கல்லும் செங்கல்லும் ஏற்றி வைத்திருப்பார்கள், உனக்குத் தெரியும், நாமும் அப்படித்தான் வைத்திருந்தோம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னார். "கல்லை எல்லாம் இறக்கிடுங்கன்னாரு. அவங்க அண்ணன் மாட்டைப் பிடிச்சுக் கட்ட கொட்டகைக்குள்ள போயிருக்காரு. தலையில விழுந்தது கூரைமேல இருந்த கல்லுதானாம், மௌரீன்." தட்டில் கை வைத்தபடி இருந்துவிட்டு, ஒரு மனுஷன் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. அவுட்ஹவுஸில் குடியிருக்கும் கிருஷ்ணப்பாவிடம், இன்றைக்கு ஆட்டோ எடுக்காதே, வேலை இருக்கிறது என்றார் டாடி. கிருஷ்ணப்பா ஏணியில் ஏறிக் கல்லை ஒவ்வொன்றாகக் கொடுக்க, டாடி கீழே வாங்கி அடுக்கினார். மேலே ஏறவேண்டாம் என்று நான் சொன்னதை அன்றைக்கு ஒருநாள் கேட்டார். அந்தக் கூரைமேல் நம் வீட்டை இன்னொரு தடவை கட்டும் அளவுக்குக் கல் இருந்தது. அப்புறம் புது போல்ட், தார் வாஷர், குறுக்கே இரும்புப் பைப், அதைச் சுவரில் அடித்த வளையத்தோடு சேர்த்துக் கம்பி முறுக்கியது, அதற்கும் மேலே நைலான் கயிறு போட்டுத் தரையில் முளை. பட்டர் ஃப்ரூட் மரத்தில் அவுட்ஹவுஸ் பக்கம் சாய்ந்திருந்த கிளையை வெட்டியாயிற்று, இந்த வருஷம் காய் குறைவுதான், அழாதே. பின்னால் போகும் சாக்கடையில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கை எல்லாம் கிருஷ்ணப்பா பெண்டாட்டி குச்சியால் இழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டு நோயல் காம்பவுண்ட் சுவரில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். "என்ன சில்வெஸ்டர், கப்பலை நங்கூரம் போட்டுக் கட்டுறியா" என்றான். டாடி கம்பியை முறுக்கிக்கொண்டே, ஒரிசாவிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், நீயும் உன் ஷீட்மேல் இருக்கிற கல்லை இறக்கு என்றார். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

என் பாடுதான் பெரும்பாடு. நான் கேக் போடும் ஷெட்டில் கிறிஸ்மஸுக்கு உலர்பழம் ரம்மில் ஊறிக்கொண்டிருக்கிறது, எல்லாப் பரணியையும் முன் அறைக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தோம். மாவு மூட்டை ஹாலில். கோழிகள் குளியலறையில். அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் நம் தெரு அன்பிய ஜெபத்துக்குத் தேதி சொல்ல வந்துவிட்டார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். வீடு முழுக்க ரம் வாசனை, குளியலறையில் கொக்கரக்கோ, டாடி சட்டை கிழிந்து உடம்பெல்லாம் துருவோடு நிற்கிறார். நான் பழம் ஊறவைத்திருக்கிறோம் ஃபாதர் என்று சொல்லச் சொல்ல அவர் தலையை மட்டும் ஆட்டினார், காபி குடிக்காமல் போய்விட்டார். நல்லவேளை, இன்றைக்குப் பூசை முடிந்ததும் அவரே சிரித்துக்கொண்டு, கேக் எனக்கும் உண்டா என்று கேட்டார்.

இருட்டும்போது காற்று வந்தது. நீங்கள் பார்த்த காற்றுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது, கரண்ட் போய்விட்டது. கிருஷ்ணப்பாவும் பெண்டாட்டியும் நம் ஹாலில் மாவு மூட்டை பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்னால் கூரை அடித்துக்கொள்ளும் சத்தத்துக்காக நாங்கள் காது கொடுத்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. பைப் முனகியது, அவ்வளவுதான். அப்புறம் படாரென்று ஒரு சத்தம், நம் பக்கம் இல்லை, நோயல் பக்கம். அவன் சமையலறை ஷீட் தூக்கிக்கொண்டு போய்விட்டது, மேலே இருந்த செங்கல் எல்லாம் அடுப்படியில் விழுந்தது. அவன் மனைவி அப்போதுதான் சாதம் வடித்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்திருக்கிறாள். டாடி மழையில் ஓடிப்போய் அவர்களை அழைத்து வந்தார். நோயல் ஈரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, "நீ சொன்னே, நான் கேக்கலை" என்றான். டாடி துண்டை எடுத்துக் கொடுத்து, "நான் சொல்லலை, என் மருமகன் சொன்னாரு" என்றார். எல்லார் காதிலும் விழுந்தது. நான் டீ போடுவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் அவுட்ஹவுஸில் ஒரு மூலையில் ஒழுகியிருக்கிறது, கேக் ஷெட் கதவு ஒரு கீல் பெயர்ந்திருக்கிறது, கோழிக்கூண்டு சாக்கடையில் கிடக்கிறது. அவ்வளவுதான் நஷ்டம். நோயலுக்கு டாடியும் கிருஷ்ணப்பாவும் சேர்ந்து புது ஷீட் போட்டுக் கொடுத்தார்கள், கல் இல்லாமல். தெருவில் இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், டாடி எல்லாருக்கும் சுவர் வளையத்தைக் காட்டி விளக்கம் சொல்கிறார், பாரதீப்பில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று, என்னமோ தானே அங்கே பிறந்து வளர்ந்த மாதிரி.

கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்குமா என்று திபாகரிடம் கேள். டாடி தானாகச் சொல்லமாட்டார், ஆனால் நேற்று உங்கள் பக்கத்திலிருந்து வருகிற ஹவுரா வண்டி இங்கே எத்தனை மணிக்கு வரும் என்று கிருஷ்ணப்பாவிடம் விசாரித்ததை நான் கேட்டேன். உன் மாமியாரையும் கூட்டி வாருங்கள். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள், வேலைக்குப் போகிறேன் என்று காலைச் சாப்பாட்டை விடாதே. அங்கேயும் காற்று மாதம் இன்னும் முடியவில்லை, நியூஸில் ஏதாவது சொன்னால் உடனே போன் செய், இந்தத் தடவை நான் சிரிக்கமாட்டேன். ஆரோக்கிய மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

முக்கியமான ஒன்று. கல்லறைத் திருநாள் வருகிறது. டாடி எப்போதும்போலத் தன் அண்ணன் கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுபோவார். இந்த வருஷம் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். திபாகர் வீட்டார் நம் சபை இல்லையே, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்றேன். ஏற்றுவது நான், யார் என்ன கேட்பது என்றார். ஆனால் பெயர் தெரியாமல் எப்படி ஜெபம் சொல்வது என்கிறார். நீ எழுதியதில் எல்லாம் "பெரியவர்" என்றுதான் இருக்கிறது. அதனால் பதில் கடுதாசிக்குக் காத்திருக்காமல், போன் செய்து திபாகரின் அண்ணன் பெயரைச் சொல். என்னிடம் சொல்லவேண்டாம். போனை டாடியே எடுக்கட்டும், திபாகரே சொல்லட்டும்.

முத்தங்களுடன்,
உன் மம்மி
மௌரீன் சில்வெஸ்டர்