நாற்பத்து மூன்றைத் தாண்ட முடியவில்லை

ஜூன் 9, திங்கள்

கடைக்குட்டி, இன்றைக்கும் நாற்பத்து மூன்றுதான்.

கடை மூடியதும் நேரே கம்ப்யூட்டர் கூடத்துக்குப் போய் ராத்திரி வரை காட்டுப்பன்றி அடித்தேன். திரையின் அடியில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறதே, அது நிறைந்தால்தான் அடுத்த லெவல். உட்காரும்போது எங்கே இருந்ததோ, எழுந்திருக்கும்போதும் அங்கேயே இருந்த மாதிரி இருக்கிறது. சோறு ஆறுது வாடா என்று நான் கத்தும்போதெல்லாம் "ஒரு நிமிஷம்க்கா" என்பாயே, அந்த நிமிஷமெல்லாம் இந்தப் பன்றிகளுக்குத்தானா?

ஜூன் 10

நாற்பத்து மூன்று. மணிக்கட்டு வலி.

ஜூன் 15, ஞாயிறு

யாராவது கேட்டால் சொல்ல வராது, அதனால் எனக்கே எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சாவுக்கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தால்சு வந்தான். பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கிறவன், உன் சிநேகிதன். கும்பிட்டு எழுந்தவன், வடக்குத் துறைமுகத்தில் கில்ஹோ ஒரு வீடு கட்டியிருக்கிறான் அக்கா என்றான். நீயா? வீடா? மலை மலையாகப் பார்சல் தூக்கின பயல் எனக்குத் தெரியாமல் எந்த ஊரில் கட்டினான்? விளையாட்டுக்குள்ளே என்றான் தால்சு. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அந்தத் துறைமுகத்துக்குள் அறுபதாம் லெவல் ஆட்கள்தான் போகலாமாம். உன் கணக்கைத் திறக்க உன் போன் நம்பர் வேண்டும், அது செத்துவிட்டது. ஆள் வராத வீடுகளையெல்லாம் செப்டம்பர் கடைசியில் இடித்துவிடுவார்கள், புது நிலம் விடப்போகிறார்கள் என்றான். படம் பிடித்து அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். உன் வீட்டை நான் படத்தில் பார்ப்பதா. நடந்து போய்ப் பார்க்கிறேன்.

அப்படித்தான் புது ஆளாக ஆரம்பித்தேன். பெயர் என்ன வைக்க என்று தால்சு கேட்டபோது வாயில் சோற்றுருண்டை இருந்தது. அதையே வைத்துவிட்டான்.

ஜூன் 26

கடைக்கார ஒக்சா அக்கா இன்று மீன் மாவு பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள். ஐம்பத்தொரு வயதில் பொம்மை ஆட்டமா, மற்ற பொம்பளைகள் மாதிரி மலையேறு, பூச்சூடின தொப்பி வாங்கித் தருகிறேன் என்றாள். இந்த யோங்டோத் தீவு மேட்டில் கடைக்கு வருவதே மலையேறுகிற மாதிரிதானே என்றேன். போகும்போது உடைந்த மீன் அடைகளைப் பையில் திணித்தாள். கம்ப்யூட்டர் முன்னால் பட்டினி கிடக்கிறேன் என்று நினைப்பு.

நாற்பத்து நாலு. ஒரு லெவலுக்கு இத்தனை நாளா? குழந்தைகூட இதற்குள் நடந்துவிடும்.

ஜூலை 6, ஞாயிறு

தால்சு இன்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நான் பன்றி அடிப்பதைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அக்கா, இந்தப் பன்னிங்க இருபத்தஞ்சாம் லெவல். உங்களைப் பாத்தாலே அதுங்க படுத்துக்குதுங்க. இதுல என்ன கிடைக்கும்?" என்றான்.

ஒரே அடியில் சாகிறது, நமக்கு நஷ்டம் இல்லையே என்றேன். அதனால்தான் ஒன்றும் தரவில்லையாம். நம்மை இரண்டு தடவையாவது சாகடிக்கக்கூடியதைத்தான் அடிக்க வேண்டுமாம்.

மாதக்கணக்காக அடித்தேனே. எல்லாம் வீணா? மீன் வேலையில் எத்தனை அறுத்தாயோ அத்தனை கூடையில் இருக்கும். இங்கே மட்டும் ஏன் அப்படி இல்லை? எட்டாவதோடு நிறுத்தினவளுக்கு இதை எவன் சொல்லித் தருவான்?

ஜூலை 7

கல்லுடைக்கிற பூதங்கள். செத்தேன். மறுபடி செத்தேன். செத்தால் கிணற்றடியில் எழுந்திருக்கிறேன், தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடி நடக்கிறேன். எவ்வளவு லேசாக எழுந்திருக்க முடிகிறது இங்கே. நீ இங்கேயே இருந்திருக்கக் கூடாதா, அந்த மழையில வண்டி எடுக்காம—

போதும்.

ஜூலை 20, ஞாயிறு

உன் விளையாட்டுக் குழுவில் எல்லோரும் சேர்ந்து என்னைத் தூக்கிவிடுகிறோம் என்றார்கள். கெட்ட எண்ணம் இல்லை. பெரிய லெவல்காரர்கள் அடிப்பார்கள், நான் குகை மூலையில் நின்றால் எனக்கும் புள்ளி ஏறும். "சோத்துருண்டை அக்கா, நகராதீங்க, நகந்தா அது உங்க பக்கம் திரும்பிடும்" என்று ஒரு பெண் ஹெட்போனில் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நகரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அடித்துக்கொண்டே எந்தக் கடையில் விலாங்கு நன்றாக இருக்கும் என்று பேசினார்கள். நாற்பத்தாறில் உள்ளே போனவள் நாற்பத்தொன்பதில் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஏனோ சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 21

நாற்பத்தொன்பது போகவேண்டிய காட்டுக்குத் தனியாகப் போனேன். முதல் நரியே கொன்றுவிட்டது. கையில் இருக்கிற வாளை எப்படிச் சுழற்றுவது என்றே தெரியவில்லை எனக்கு. தெரிந்துகொள்ளவேண்டிய இடத்தையெல்லாம் மூலையில் நின்றே தாண்டி வந்திருக்கிறேன்.

மறுபடி தூக்கிவிடவா என்று தால்சு கேட்டான். "நான் என்ன பார்சலாடா?" என்று கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான். அந்த வார்த்தை ஏன் வாயில் வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. காலையிலிருந்து உட்கார்ந்தேன். ராம்யன் நூடுல்ஸ் வரவழைத்து அங்கேயே சாப்பிட்டேன். ஐம்பத்தொன்று.

இந்த வேகத்துல செப்டம்பர் என்ன, அடுத்த வருஷம் பூ பூக்கிறப்பகூடப் போய்ச் சேர மாட்டேன். இந்த ஆட்டத்தைச் செஞ்சவன் கையில கிடைச்சா கேப்பேன், ஏன்டா, எங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா, ஒரு கோட்டை நிரப்ப ஒரு மனுஷி எத்தனை மணி நேரம் குந்தணும்? வெளியில இருக்கிறப்ப என் வாழ்க்கையும் இப்படித்தானே, அடிச்சதையே அடிச்சிட்டு. உள்ளேயுமா?

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தால்சு வந்தான். நான் கத்தியதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆட்டத்தை விட்டு வெளியே போகும்போது ஆளை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டான். எங்கே நிற்கிறதோ அங்கேயேதான் என்றேன். சத்திரத்தில் இல்லையா? சத்திரத்துக்காரி காசு கேட்கிறாள், பொம்மைக்கு எதற்குக் காசு கொடுத்துத் தூக்கம் என்றேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டு வந்தால் மறுநாள் மஞ்சள் கோடு நீலமாகுமாம். நீலம் இருக்கிறவரை ஒன்று அடித்தால் இரண்டு. "நீலம் தீந்ததும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடணும். அதுக்கப்புறம் உக்காந்தீங்கன்னா அது வெறும் பிடிவாதம்."

கோடை முழுக்க அவளை, என் சோற்றுருண்டையை, சேற்றில் நிற்க வைத்திருக்கிறேன். மழையில்.

ஆகஸ்ட் 18

சத்திரம். காசு கொடுத்தேன். கட்டிலில் போர்வை இழுத்துக்கொண்டு படுத்தாள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஐம்பத்தைந்து. நரி இப்போது என்னைக் கண்டால் ஓடுகிறது. நீலம் தீர்ந்ததும் எழுந்துவிடுகிறேன். எழுந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. உன் சட்டைகளைத் துவைத்தேன்.

செப்டம்பர் 13

ஐம்பத்தெட்டிலேயே நிற்கிறது. கோடு இன்னும் நீளமாகிவிட்டதா, இல்லை என் கண்ணா? ஒக்சா அக்காவே இன்று கேட்டாள், எத்தனை ஆச்சுடி என்று.

செப்டம்பர் 20, சனி

அறுபது.

செப்டம்பர் 21, ஞாயிறு

போனேன். தால்சு கூட வந்தான், பின்னாலேயே, ஒரு சண்டையிலும் கை வைக்காமல். துறைமுகக் கோடியில் உன் வீடு. நீலக் கூரை. கதவுக்கு மேலே பலகையில் நீ அங்கே வைத்துக்கொண்ட பெயர், வடகாற்று. வாசல் வரைதான் போக முடிந்தது. சொந்தக்காரன் இல்லாமல் கதவு திறக்காது.

தால்சு அப்போதுதான் சொன்னான். இந்த வாரம் புது அறிவிப்பு வந்திருக்கிறது. இடிக்கப்போகிற வீட்டைக் குழுவில் யாராவது ஏற்றுக்கொண்டால் விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு வீடுதான், அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. ஆனால் நான் எடுத்தால் பலகையில் என் பெயர் வந்துவிடும்.

"அவன் பேரு?"

"போயிடும் அக்கா. ரெண்டு பேரு நிக்காது."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன், உன் பெயரை நானே அழிக்க? எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியே போகட்டும், அவன் பெயரோடு போகட்டும்.

செப்டம்பர் 23

ஒக்சா அக்காவிடம் சொன்னேன். புரியாது என்றுதான் சொன்னேன். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "வீடு போனப்புறம் பலகையை எதுலடி மாட்டுவே?" என்றாள்.

செப்டம்பர் 24, புதன்

நாளைக் காலையில் ஆட்டத்தை நிறுத்திவைத்து வீடுகளை இடிப்பார்கள். கூடம் மூடும் நேரம் வரை உன் வீட்டு வாசலில் நின்றேன். திரையில் கேள்வி, ஏற்கிறீர்களா என்று. உன் பெயரை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்துச் சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான்.

அழுத்தினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளைக்குச் சூசொக். பண்டிகைப் படையலுக்கு வேண்டியதையெல்லாம் செய்து வைத்துவிட்டு, ஆடையை மாற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். துறைமுகத்தில் இரண்டு பக்கமும் வெறும் மண். நம் வீடு மட்டும் தனியாக நிற்கிறது. கதவுக்கு மேலே, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சோற்றுருண்டை.

இப்போது கதவு திறக்கிறது. உள்ளே அதிகம் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கடலோரத்தில் வீடு கட்டிவிட்டு, ஜன்னலைக் கடல் பக்கம் வைக்காமல் மலைப் பாதை பக்கம் வைத்திருக்கிறாய். அங்கே என்ன தெரியும் என்று தால்சுவைக் கேட்டேன். அறுபது ஆனவங்க முதல் தடவை இறங்கி வர்ற வழி அக்கா, வேற ஒண்ணும் இல்லை என்றான்.

நாற்காலியை நான் திருப்பிப் போடவில்லை. அதில் அவளை உட்கார வைத்துவிட்டு, நானும் உட்கார்ந்திருந்தேன், பாதையைப் பார்த்துக்கொண்டு.

கடைக்குட்டி, அதுல யாரு வருவாங்கன்னுடா பாத்துட்டு இருந்தே?