வியாழக்கிழமை எடுத்த இரத்தம்

14 ஜூலை 2024, ஞாயிறு

காலை 8.17. விக்டர் போனில் கூப்பிட்டார், என் மனைவி ரோகினிக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிற கோச். ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இன்று அரை மராத்தான். பதினாறாவது கிலோமீட்டரில் விழுந்துவிட்டாளாம். "மகேன், உடனே வாங்க. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு… வாங்க லா." அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, அவள் இனி இல்லை என்று.

கோப்பிக் கடையில் இருந்தேன். தட்டில் பாதி ரொட்டி சானாய் மிச்சம். அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முடித்தேன்?

17 ஜூலை, புதன்

நேற்று தகனம். இன்று வீடு நிறைய டாக்டர்கள்.

பக்கத்து வீட்டு நல்லசாமி: "வெயில்தான் தம்பி, வேற என்னா." காலை எட்டு மணிக்கு, செம்பனை நிழலில், என்ன வெயில்? ஒரு சின்னம்மா: "ஓடிட்டு வந்து ஐஸ் தண்ணி குடிச்சிருப்பா." அவள் ஓடிவிட்டு வரவே இல்லையே அம்மா. சத்தியசீலன் மாமா நாற்காலியை விட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னார்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குயா இருபத்தொரு கிலோமீட்டரு?" சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

இவர்களில் ஒருவனுக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சிரம்பானில் கிளினிக் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம்.

எழுதிவிடுகிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் உடம்பு வலி, லேசான காய்ச்சல் என்றாள். சமையலறை மேசையிலேயே இரத்தம் எடுத்தேன். மறுநாள் வேலையில் பரிசோதித்தேன். சி.ஆர்.பி. 38. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறுகிற எண் அது. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் பதினெட்டு கிலோமீட்டர் மேடேறி ஓடியிருந்தாள். கடுமையாக ஓடினால் தசையில் நுணுக்கமான கிழிசல் விழும், உடம்பு அதைச் சரிசெய்யப் போகும், எண் ஏறும், பிறகு தானாக இறங்கும். அதுதான் இது என்றேன்.

"கோச் வேணாங்குறாருங்க. காய்ச்சல் அடிச்சா ஒரு வாரம் ஓடக்கூடாதாம்."

சிரித்தேன். "அவரு விளையாட்டு வாத்தியாருடி. விசில் ஊதத் தெரியும். ரத்தம் தெரியுமா? போய் ஓடு."

18 ஜூலை

விசில் ஊதுகிறவன் சொன்னதுதான் சரி.

21 ஜூலை, ஞாயிறு

ரோகினியின் அண்ணன் தர்மராஜ் தம்பின் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். கையில் ஒரு கடிதம். விக்டர் மேல் புகார், அவர் வேலை செய்கிற பள்ளிக்கும் கல்வி இலாகாவுக்கும். காய்ச்சலில் கிடந்தவளைக் கட்டாயப்படுத்தி ஓட வைத்தாராம்.

"புருஷன்காரன் நீ, கையெழுத்துப் போடு மச்சான். அவன் இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துலயும் நிக்கக்கூடாது."

"கட்டாயப்படுத்துனாருன்னு யாரு சொன்னா?"

"வேற யாரு ஓடச் சொல்லுவா?"

எழுத்துப்பிழை மட்டும் ஏழு. எண்ணினேன். வேறென்ன செய்ய? பிரேதப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அறிவாளி மாதிரி ஒரு பதில். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனான், மடையன்.

24 ஜூலை, புதன்

விக்டர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்றார். வைத்துக்கொள்ளட்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மகேன். ஓட வேணாம்னு அவங்ககிட்ட நான் சொன்னேன். அத உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லயே."

"இல்லயா…" தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான் சரியா சொல்லலபோல. ஞாயித்துக்கெழம நல்லாருக்குன்னாங்க, சிரிச்சாங்க. ஓடுற நம்பர நான்தான் சட்டையில குத்திவிட்டேன்."

வாசலில் நிற்க வைத்தே அனுப்பிவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

25 ஜூலை

'இல்லயே.' எவ்வளவு லேசாக வந்தது.

29 ஜூலை, திங்கள்

பதினாறாம் நாள் காரியம். ஐயர் சொன்னதையெல்லாம் செய்தேன். என் கை செய்தது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று ஒருத்தன் என்னிடமே வந்து சொன்னான்.

சாயங்காலம் கணக்காக யோசித்தேன். பதினெட்டு கிலோமீட்டருக்கு 38 அதிகம். மேலும் செவ்வாய் ஓடியதற்கு வியாழன் சாயங்காலம் எண் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். சனிக்கிழமை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் ஏறியிருந்தது தெரிந்திருக்கும். இதயத்துக்கான சோதனை ஒன்று இருக்கிறது, அதே மெஷினில், இருபது நிமிடம். செய்யவில்லை. ஓட்டத்தில் வருகிற அழற்சிக்குக் காய்ச்சல் அடிக்காது, இது முதல் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஏன்டா அப்படிச் சொன்னே?

ஏனென்றால் ஒரு வருடம் ஓடி அவளுடைய எண் 3-லிருந்து 0.6-க்கு வந்திருந்தது. ஒழுங்காகப் பழகினால் உடம்பின் அழற்சி குறையும். ஓட்டத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பரிசோதனைத் தாளை ஆபிசில் நாலு பேரிடம் காட்டினேன், நானே ஓடிய மாதிரி.

6 ஆகஸ்ட், செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வைரஸ் தொற்று. இதயத் தசையில் அழற்சி. அந்த நிலையில் இதயத்தை விரட்டினால் துடிப்புத் தாறுமாறாகி நின்றுவிடும். ஒரு வாரம் படுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். அப்படி அறிக்கையில் இல்லை. நான் எழுதுகிறேன்.

தர்மராஜ் போனிலேயே துள்ளினான். "பாத்தியா மச்சான், வீக்கம்னு போட்டிருக்கான்! ஓடி ஓடித்தான் ஹார்ட்டு வீங்கியிருக்கு."

"அது வைரஸ்னால—"

"வைரஸ் கெடக்கு லா. நீ லேப்ல இருக்கிறவன். 'கடுமையான பயிற்சியால் அழற்சி'ன்னு நீயே எழுதிக் குடு. நீ எழுதுனா எவன் கேள்வி கேப்பான்?"

நான் அவளிடம் சொன்ன அதே வாக்கியம். அன்றைக்கு அதைச் சொல்லி அவளை ஓடவிட்டேன். இப்போது அதையே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறான், விக்டரின் வேலையைப் பறிக்க.

8 ஆகஸ்ட்

தர்மராஜ் கேட்டதை எழுதிப் பார்த்தேன். இலக்கணம் சுத்தம். படித்தால் யாரும் நம்புவார்கள். கிழித்துப் போட்டேன். வீரமெல்லாம் இல்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலேயே தம்பினுக்குப் போனேன். ரோகினியின் அம்மா, பஞ்சாலை அத்தை, சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்மராஜ் கடிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தான். உட்காரவேண்டாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன்.

"கோச் ஓட வேணாம்னுதான் சொன்னாரு. ரோகினி என்கிட்ட வந்து கேட்டா. நான்தான் ஒண்ணுமில்ல, ஓடுன்னேன்."

"விளையாடாத மச்சான்."

"ரத்தம் எடுத்துப் பாத்தேன். எண் சரியில்ல. தப்பாப் படிச்சேன்."

சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். பட்டன் ஒன்று தெறித்தது. அடிப்பான் என்று காத்திருந்தேன். நான் அதற்காகத்தான் வந்தேனோ என்னமோ.

"விடுடா அவர." அத்தைதான். "சட்டயப் புடிச்சா எந்திரிச்சு வந்துருவாளா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவருன்னுதான மாப்பிள்ள உங்ககிட்ட கேட்டா. என்கிட்ட கேட்டிருந்தா, போர்வையப் போத்திக்கிட்டுப் படுடின்னிருப்பேன்."

மருத்துவப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

தர்மராஜ் கடிதத்தை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். வாசல்வரை வந்து, "இனிமே இங்க வராத" என்றான். முதல் தடவையாக அவன் சொன்னது சரி என்று பட்டது.

காரில் உட்கார்ந்தபடியே விக்டருக்குப் போனில் எழுதினேன்: 'நீங்கள் வேண்டாம் என்றதை அவள் என்னிடம் சொன்னாள். அன்று பொய் சொன்னேன். ஓடச் சொன்னது நான்.' சி.ஆர்.பி. 38, தேதி, எல்லாவற்றையும் சேர்த்து எழுதினேன். யார் கேட்டாலும் இதைக் காட்டுங்கள் என்றும் போட்டேன்.

உடனே படித்துவிட்டார். அவர் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நிற்கும், மறுபடி எழுதுவார். நிற்கும். மறுபடி.

அந்த ஆள் என்னை மன்னித்துத் தொலைப்பார். எனக்குத் தெரியும், அவர் அப்படிப்பட்டவர்தான்.

போனை அணைத்துவிட்டேன்.