விரல் கிளிப் சொன்ன தொண்ணூற்றொன்பது

டிசம்பர் 3

அன்புள்ள ரத்தப் பரிசோதனைச் சக்கரவர்த்தினிக்கு,

நீ நம்பப் போவதில்லை. உலகத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. என் சலவைக் கடையின் மொத்தச் சோப்பின்மீதும் ஆணையிட்டு எழுதுகிறேன்: உன் மாமாவுக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது.

குளிர் தாங்காமல், கொதிகலன் புகை வெளியே போகும் ஓட்டையில், துவைக்கக் கொடுத்தவர் திரும்ப வாங்க வராத கம்பளியைச் சுருட்டி அடைத்தேன். இனி நாற்பது ராஜாக்கள் படையெடுத்தாலும் கடைக்குள் காற்று நுழையாது. கன்னம் இரண்டும் கல்யாண மாப்பிள்ளை போலச் சிவந்துவிட்டன. தெருவில் போன யானை நின்று பார்த்துவிட்டுப் போனது.

நீ அனுப்பிய விரல் கிளிப்பில் எனக்கும் அத்தைக்கும் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது. பாக்கி ஒன்றை ஊருக்கு விட்டுக்கொடுத்தோம். மண்டைக்குள் மட்டும் பதினாறு கொல்லர்கள். தபால் பெட்டிவரை நடந்தால் அத்தனை பேரும் வேலைநிறுத்தம். கடைக்குத் திரும்பினால் மறுபடி சம்மட்டி. அத்தை நேற்றுப் பொத்தான் தைக்க உட்கார்ந்து, ஊசியைப் பிடித்தபடியே எதற்கு உட்கார்ந்தோம் என்று மறந்துவிட்டாள்.

என்றும் இளைய
மாமா

டிசம்பர் 6, காலை

மாமா,

முதலில் கதவைத் திறங்கள். அத்தையைத் தெருவுக்குக் கூட்டி வாருங்கள். மிச்சத்தை அங்கே நின்று படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் பொய்களை அடித்துக்கொண்டே வந்தேன். ராஜா, யானை, கொல்லர் எல்லாம் போயாயிற்று. அடிபடாமல் நின்றவை கம்பளி, சிவந்த கன்னம், வெளியே வந்தால் விடும் தலைவலி, அத்தையின் மறதி.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நுரையீரலில் ஏற்றி, மூளையிலும் இதயத்திலும் இறக்கிவிட்டுத் திரும்பும். கொதிகலனிலிருந்து வரும் வாசனையில்லாத விஷவாயு ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். ரத்தமோ சிவப்பாகவே இருக்கும். கிளிப் நிறத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது, ஏமாந்துபோகிறது. அதை அனுப்பியவள் நான்.

கடை போனை ஆறு முறை அடித்தேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறதாம், வர நேரமாகும். அறுவை சிகிச்சைக்கு ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாதியில் விட முடியாது. உங்கள் தெருவழியே போகும் பேருந்தின் ஓட்டுநரிடம் இதைத் தருகிறேன். நீங்கள் திறக்காவிட்டால் கதவை உடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மருமகள்

டிசம்பர் 9

மருமகளே,

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றபோது ஆக்சிஜன் முகமூடி என் வாயை அடைத்திருந்தது. ஆகவே வீர வரலாறு இப்போது.

போன் மணி கேட்டது. பக்கத்து நாட்டில் அடிக்கிறது என்று இருந்துவிட்டேன். ஓட்டுநர் கதவைத் தட்டியதும் சிங்கமாக எழுந்தேன். ஒரே உதையில் நாலு சுவரும் விழுந்தன. ஒரு கையில் அத்தை, மறு கையில் கொதிகலன். முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

ஓட்டுநர் வேறு மாதிரி சொல்வார். நான் தவழ்ந்து வந்தேனாம், அத்தையைத் தூக்கியது அவராம். பொறாமை.

கிளிப்பை நினைத்து நீ அழாதே. கம்பளி அடைத்தது என் கை. இங்கே ஆக்சிஜனைப் பீய்ச்சி அடித்து, ரத்தத்தில் உட்கார்ந்த விஷவாயுக்காரர்களை ஒவ்வொருவராகக் கிளப்புகிறார்கள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து அத்தை, "இன்னும் என்னென்ன புளுகு எழுதறீங்க, படிங்க கேப்போம்" என்கிறாள். இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் படிக்க மாட்டேன்.

நடைபாதையில் படுக்கவைத்த பிறகு அவள் வெகுநேரம் கண் திறக்கவில்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு, இதை விட்டுவை. அவ்வளவு நேரமும் எனக்கு ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

மாமா