வோண்ட்ரா வாத்தியாரின் பாடற்பூசை

1866 ஜூலை 29, ஞாயிறு

இன்றைய ஒத்திகை முடிந்து என்னிடம் திரும்பி வந்த புது நகல்களில், பாடகர் ஷிமோன் மாமாவின் தாளில் மட்டும் ஐந்தாம் பக்கத்து மூலை மடங்காமல் இருந்தது. கட்டைவிரலை நக்கி அந்த மூலையை மடித்துவைக்காமல் அவர் பாடியதே இல்லை. அக்காவிடம் கேட்டேன். "அவர் இன்னிக்கு வரவே இல்லடி. வியாழக்கிழமை ஒத்திகை முடிஞ்சதும் வாந்திபேதி. காலைல போயிட்டாராம்."

போரில் எங்கள் ஊருக்குள் புகுந்த பிரஷ்யச் சிப்பாய்களோடு வந்த காலரா ஊரை விட்டுப் போகவேண்டும் என்று வாத்தியார் நேர்ந்துகொண்டு புதிதாக இசையமைத்த பூசை இது. ஆகஸ்டு 16, புனித ரோக் திருநாளில் அரங்கேற்றம். நாலு குரல், வயலின்கள், இரண்டு டிரம்பெட், முரசு. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள் நான். கையெழுத்து நன்றாக இருப்பதால் நகல் எடுக்கும் வேலை எனக்கு. ஒரே மூலப்பிரதியும் என்னிடம்தான். யாரும் பாடும் முன்பே அதன் கடைசிப் பாட்டை நான் மனதுக்குள் கேட்டுவிட்டேன்.

ஆகஸ்டு 2

"அப்போலேனா, ரெண்டாவது டிரம்பெட்டை வயலினுக்கு மாத்தி எழுதிடும்மா" என்றார் வாத்தியார். அதை ஊதுபவர் வீட்டு வாசலில் காலையிலேயே சுண்ணாம்பு வண்டி நின்றது.

ஆகஸ்டு 5

கோயிலில், பாடகர் மாடத்தில் புழுக்கம். ஒத்திகை முடிந்ததும் வழக்கம்போல் ஒரே தண்ணீர் ஜாடி கை மாறியது. தனிக்குரல் பாடுபவருக்கு முதல் வாய் — அதாவது அக்கா ரொசாலியேவுக்கு. வியோலா வாசிக்கும் குடெல்கா மாமா மட்டும் தன் பீர் பாட்டிலைத் திறந்தார்.

"எங்க எச்சில் உங்களுக்கு ஆகாதோ?" என்றாள் அக்கா.

"தண்ணி குதிரைக்கு, தாயி. நான் ரெண்டு காலுக்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். பலர் முன்னால் வாய்வைத்துக் குடிக்க எனக்குக் கூச்சம். நான் குடிப்பதே இல்லை.

ஆகஸ்டு 8

எங்கள் குழுவில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஐவரும் அந்த ஜாடியில் குடித்தவர்கள். தண்ணீர் பங்குக் கோயில் கிணற்றுத் தண்ணீர். அதன் பக்கத்துக் களஞ்சியத்தில்தான் நோயாளிச் சிப்பாய்களைப் போட்டிருக்கிறார்கள். குடெல்கா மாமாவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. நான் நினைப்பது சரியா? பைத்தியமா?

ஆகஸ்டு 9

வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன், அந்த ஜாடித் தண்ணீர் வேண்டாம் என்று. வாத்தியார் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரே ஜாடில குடிக்காதவங்க ஒரே குரலா எப்படிப் பாடுவாங்க? நீ நகல் எடும்மா, போதும்."

ஆகஸ்டு 11

ஜாடியைக் கீழே போட்டு உடைத்தேன். "கை வழுக்கிடுச்சு" என்றேன். பாதிரியார் வீட்டிலிருந்து அதைவிடப் பெரிய ஜாடி வந்தது. அதே கிணறு. அக்கா முதல் வாய் குடித்தாள்.

ஆகஸ்டு 12

அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். "போகாதேக்கா" என்றேன்.

"நான் போகலேன்னா தனிக்குரல் யாரு பாடுவா? நீயா? கடைக்காரன்கிட்ட உப்பு கேக்கவே உனக்கு வாய் வராது!"

ஆகஸ்டு 13

முதல் வயலின், பக்கத்து வீட்டு டோபிஷும் போய்விட்டார்.

ஆகஸ்டு 14

இன்று மாலை முழு ஒத்திகை. புதுப் பூசை. தாள் இல்லாமல் யாராலும் பாட முடியாது. வாத்தியாருக்கே முழுக்க மனப்பாடம் இல்லை. பழைய பூசை எதுவும் நேர்ச்சைக்கு ஆகாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

காலையில் சுண்ணாம்பு வண்டி பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. செத்தவர் வீட்டுத் துணி, வைக்கோல், காகிதம் எல்லாவற்றையும் எரிக்கவேண்டும் என்பது நகரசபை உத்தரவு. டோபிஷின் மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு நகல்களையும் மூலப்பிரதியையும் ஏப்ரனில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நாலு வாரத்து வேலை, வாத்தியாருக்கு. எனக்கும்.

"இதுவும் செத்த வீட்டுதா, பாப்பா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"ஆமா" என்றேன். சத்தமாகவே வந்தது.

மெத்தைக்கு அடியில் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. எரிக்கும் குழி வரைக்கும் அதன் பின்னால் நடந்தேன்.